குதிகால் வலியும் ஒரு நேர்ச்சையும்

சான் ஹெரோனிமோ,
ஜூன், மழை தொடங்கிய வாரம்

அன்பு மகன் ஊரியேலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும் என்பதைத்தான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே இங்கு எல்லோரும் நலம். விதிவிலக்குகளைக் கீழே எழுதுகிறேன்.

நீ புறப்பட்டது மார்ச்சில். எல்லைக்குப் பக்கத்திலிருந்து, "நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம்" என்று ஒரு செய்தி அனுப்பினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. உன் அம்மா காலையில் எழுந்ததும் என் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாவது டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். கடிதத்தில் இந்தத் தொல்லை இல்லை. போய்ச் சேர்ந்ததா, பிரித்தார்களா என்று அது யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் நீ போய்ச் சேர வேண்டிய நியூயார்க் வீட்டு முகவரிக்கே இதை அனுப்புகிறேன். செலியா என் அக்கா மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, பொறுப்பானவள். நீ வந்ததும் உன் கையில் கொடுப்பாள்.

நீ பஸ் ஏறிய அன்றே உன் அம்மா குவாதலூப்பே மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்துவிட்டாள். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால், டிசம்பரில் தீப்பந்த ஓட்டத்தின் கடைசி ஏற்றத்தைத் தானே ஓடுவதாக. ஒரு மெழுகுவத்தியோடு முடித்திருக்கலாம். தலைநகரத்து மாதா கோயிலில் பந்தத்தை ஏற்றி, மலை தாண்டி, கை மாற்றிக் கை மாற்றி ஊர்க்கோயில் வரை அணையாமல் கொண்டுவருவது உன் வயதுக்காரர்களின் வேலை. உன் அம்மா தன் வாழ்நாளில் ஓடிய ஒரே ஓட்டம், பால் பொங்கும்போது அடுப்பை நோக்கி ஓடியதுதான். ஆனாலும் ஏப்ரலில் துணிச் சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் பயிற்சி செய்யப் புறப்பட்டுவிட்டாள். வரம் கிடைத்த பிறகு உடம்பைத் தயார் செய்தால் மாதா என்ன நினைப்பாள் என்றாள்.

கால்விரலில் ஒரு கொப்புளம் வந்தது. ஓட ஆரம்பிக்கும் எல்லோருக்கும் வருவதுதான். சர்க்கரை உள்ள உடம்பில் அது கொப்புளமாக மட்டும் இருக்கச் சம்மதிக்கவில்லை. மே மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆறி வருகிறது, கவலைப்படாதே. அவளே கவலைப்படவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, டிசம்பருக்குள் ஆறிவிடுமா என்பது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஓடுங்க" என்றாள்.

மாதாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அறுபத்திரண்டு வயது என்பதும் தெரியும். ஆனால் கட்டுப்போட்ட காலோடு படுத்திருப்பவளிடம் தத்துவம் பேசுவது நாகரிகமில்லை. ஆகவே ஓடுகிறேன்.

உன் பழைய ஓட்டக் காலணி கட்டிலுக்கடியில் இருந்தது. அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் பெரியது. முன்புறம் செய்தித்தாளைத் திணித்திருக்கிறேன். மாநில அரசின் சாதனைகள் அச்சான பக்கம், மெத்தென்று இருக்கிறது. விளையாட்டு மைதானம் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவைத்தவரின் பெயர் பொறித்த கல் மட்டும் வேலிக்கு வெளியே இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எனவே சோளக்காட்டு வண்டிப்பாதையில் ஓடுகிறேன்.

முதல் நாள் தோர்த்தியா ரொட்டிக் கடை ஹசிந்தா கடையை விட்டு வெளியே வந்து, "வாத்தியாரே, யாரு துரத்துறா? சொல்லுங்க, நாங்களும் ஓடணுமா?" என்று கேட்டாள். இறைச்சிக்கடை குவால்பெர்த்தோதான் இந்த வருடமும் ஓட்டக் குழுவுக்குத் தலைவர். அவர் கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டு, தன் கடைக்கு வெட்டுக்கு வரும் மாடுகூட இதைவிட உற்சாகமாக வரும் என்றார். பழைய மாணவர்கள் நின்று வணக்கம் சொல்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்குவதால் பதில் சொல்ல முடிவதில்லை. கர்வம் பிடித்தவன் என்று ஏற்கெனவே இருந்த பெயர் இப்போது உறுதியாகிவிட்டது.

சில நாட்களாக வலது குதிகாலில் ஒரு வலி. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்த மாதிரி இருக்கிறது. நடக்க நடக்க மட்டுப்பட்டு, ஓடி முடித்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே ஆணி. இத்தனை வருடம் ஓடியவன் நீ. உனக்கு இது வந்ததுண்டா? வந்தால் என்ன செய்வாய்? எழுது. அவசரமில்லை, வசதிப்படும்போது எழுது. ஆனால் எழுது.

இப்படிக்கு,
அப்பா எலாதியோ


சான் ஹெரோனிமோ,
நவம்பர், படையல் முடிந்த மறுநாள்

அன்பு மகன் ஊரியேலுக்கு,

சென்ற கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்துறையைக் குறைசொல்ல நல்ல சந்தர்ப்பம், பயன்படுத்திக்கொள்கிறேன்.

குதிகால் வலி ஜூலையிலும் போகவில்லை, ஆகஸ்டிலும் போகவில்லை. இந்த ஊரில் ஒருவன் நொண்டினால் தெருவில் போகிற எல்லோரும் வைத்தியர். வெந்நீரில் உப்புப் போடச் சொன்னார் ஒருவர். உப்புப் போட்டால் எலும்பு கரையும் என்றார் அவர் தம்பி. கடைசியில் உன் அம்மா சுளுக்கு வழிக்கும் மெலித்தோனாவை வீட்டுக்கே வரவழைத்தாள். வந்தவள் கஞ்சா இலை ஊறிய சாராயத்தைக் குதிகாலில் அரைமணி நேரம் தேய்த்தாள். வலி குறையவில்லை. தெருநாய்கள் மட்டும் என்னைப் புதிய மரியாதையோடு பார்க்கத் தொடங்கின.

போகும்போது மெலித்தோனா என்னிடம் சொல்லாமல் உன் அம்மாவிடம் சொன்னாள்: "இது இவரு வலி இல்லம்மா. நடந்துக்கிட்டு இருக்கிறவனோட வலி. புள்ள போய்ச் சேந்து செருப்பக் கழட்டுற அன்னிக்கு இவருக்கு நின்னுடும்."

ஒரு மனிதனின் குதிகாலுக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்க முடியாது. அன்றிலிருந்து உன் அம்மா போனைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டு என் காலைப் பார்ப்பாள். நான் முதல் அடி வைத்துப் பல்லைக் கடித்ததும், "வலிக்குதா?" என்பாள். வலிக்கிறது என்பேன். "அப்ப நடந்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அடுப்பு மூட்டப் போவாள். மார்ச்சில் நடக்க ஆரம்பித்தவன் செப்டம்பரிலும் நடந்துகொண்டிருக்கிறான் என்றால் இதற்குள் கனடாவைத் தாண்டியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. பூகோளம் தெரிந்திருப்பது சில வீடுகளில் உபயோகமில்லை.

ஆனால் நொண்டிக்கொண்டே நேர்ச்சை ஓட முடியாதே. அவளுக்குத் தெரியாமல் மருந்துக்கடையை ஒட்டிய அறையில் உட்காரும் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், நான் சொல்லிக்கொடுத்தவள் இல்லை, அதனால் நன்றாகப் படித்திருந்தாள். பாதத்தின் அடியில் குதிகாலைப் பிடித்திருக்கும் நார் நொந்துபோயிருக்கிறது, பழகாதவர்கள் ஒரேயடியாக ஓடினால் இப்படித்தான் வரும் என்றாள். ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடுசதையை நீட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து அதன்மேல் பாதத்தை உருட்ட வேண்டும். பிறகு என் காலணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடித்தோல் ஒரு பக்கமாக முழுக்கத் தேய்ந்துவிட்டது, இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் வலிக்காமல் என்ன செய்யும் என்றாள். யாருடையது என்று கேட்டாள். மகனுடையது என்றேன்.

"அப்ப அவர்கிட்டயே திருப்பிக் குடுத்திடுங்க சார்."

அதற்குத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன் என்றேன்.

உள்ளே வைக்கும் மெத்தை ஒன்றை வாங்கி, செய்தித்தாளை எடுத்துவிட்டு வைத்துக்கொண்டேன். போத்தலைச் சமையலறையில் உருட்ட முடியாது. பள்ளிக்கூடத்து ஐஸ்பெட்டியில் உறைய வைத்து, என் பழைய வகுப்பறையிலேயே உட்கார்ந்து உருட்டினேன். அக்டோபரில் வலி குறைந்தது. பிறகு இல்லவே இல்லை.

வலி நின்றால் நீ சேர்ந்துவிட்டாய் என்று அர்த்தம். அப்படித்தான் மெலித்தோனா சொன்னாள். நடக்கிறவனின் வலி நின்றுபோக இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பதை அவள் சொல்லவில்லை. உன் அம்மாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆகவே வலி இல்லாத காலை வைத்துக்கொண்டு வீட்டில் நொண்டத் தொடங்கினேன். காலையில் முதல் அடியில் பல்லைக் கடிப்பேன். மத்தியானம் கொஞ்சம் முனகுவேன். தெருமுனை திரும்பியதும் நேராக நடப்பேன். ஊரில் இத்தனை பேருக்குத் தெரிந்தும் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. இவர்களைப் பற்றி நான் இதுவரை சொல்லிவந்தவற்றில் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும்போது, உன் படத்தை அந்த அறையிலிருந்தே எடுத்துச் சமையலறையில் மாட்டிவிட்டாள். விருந்தாளி யாராவது தவறுதலாகக்கூட அதன் முன்னால் பூ வைத்துவிடக் கூடாதாம். நான் தாத்தாவின் படத்தைத் துடைத்து வைத்தேன். அவருக்குப் பிடித்த புளித்த கள்ளை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தேன். நடுவில் ஒரு படத்துக்கான இடம் வெறுமையாகத் தெரிந்தது. உன் அம்மா அங்கே ஆரஞ்சுப் பழங்களை நெருக்கமாக அடுக்கினாள்.

அந்தப் பரபரப்பில், நேற்றுக் காலை, நொண்ட மறந்துவிட்டேன். கட்டிலைவிட்டு இறங்கி, கொல்லைவரை நேராக நடந்துபோய்த் திரும்பிவந்தேன். உன் அம்மா கையில் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சேந்துட்டான்" என்றாள்.

இல்லை என்று சொல்லலாமா என்று என் வாய் திறந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு மூடிக்கொண்டது.

ஆகவே, மகனே, நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா


சான் ஹெரோனிமோ,
டிசம்பர், திருவிழா முடிந்து

அன்பு மகன் ஊரியேலுக்கு,

ஓடிவிட்டேன். பந்தம் அணையவில்லை. முக்கியமானதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வரம் கேட்டு ஓடுகிறவர்கள் மலைப்பாதையில் ஓடலாம். வரம் கிடைத்து, அதற்கு நன்றியாக ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் பெட்ரோல் பங்கிலிருந்து கோயில்வரை உள்ள கடைசி ஏற்றம். அப்படி ஓடுகிறவன் ஏற்றத்தின் அடியில், எல்லோர் முன்னாலும், என்ன வரம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். குணமான குழந்தையைப் பார்த்தேன், திரும்பிக் கிடைத்த மாட்டைப் பார்த்தேன், இப்படி. அங்கே பொய் சொன்னால் அந்த வருட மழை கெடும் என்பார்கள்.

உன் அம்மா நன்றி ஓட்டம்தான் என்று குழுவிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். குவால்பெர்த்தோ என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, கத்தியைத் துடைத்தபடி, பார்த்தவர் இல்லாமல் அந்த ஏற்றத்தைத் தரத் தனக்கு வழியில்லை என்றார். வேண்டுமானால் வரம் கேட்டு ஓடுங்கள், மலையிலேயே நல்ல சமதளமாகப் பார்த்துத் தருகிறேன், குதிகாலுக்கும் நல்லது என்றார். பாதிரியாரும் அதையே சொன்னார். கேட்பதும் ஒரு நேர்ச்சைதான், அதில் அவமானம் இல்லை என்றார். அவர்கள் சொன்னது நியாயம். ஆனால் கேட்டு ஓடினால், இன்னும் கிடைக்கவில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். கோயில் வாசலில், தெருவில் நடக்கக் கூடாதென்று டாக்டர் கொடுத்த சக்கரநாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பவளிடம் வெறுங்கையோடு போய் நிற்பதாகும்.

செலியாவுக்கு ஒரு போன் போதும், அவள் பார்த்தேன் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன் என்றார் குவால்பெர்த்தோ. நான் போன் செய்தேன். உனக்கு நான் எழுதிய கடிதங்களைக் குளிர்பெட்டியின் மேல் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாள். உன்னைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா என்று கேட்டதும் அழுதாள். பொய் சொல்ல வராது மாமா என்றாள். நல்ல பெண். அவளை வற்புறுத்தவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை. லாரி முழுக்கப் பூ, நடுவில் மாதா, பின்னால் மலை தாண்டி ஓடிவந்த பிள்ளைகள் குளிரில் போர்வையோடு. எரிமலை வழக்கம்போல் புகைந்துகொண்டிருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உன் காலணியோடு, கூப்பிடாமலே போய் ஏற்றத்தின் அடியில் நின்றேன். குவால்பெர்த்தோ தடுக்கவில்லை. பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி உரக்கக் கேட்டார்.

"வாத்தியாரே, என்ன வரம் கெடச்சுது?"

என் மகன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் பேசிய குரல், பங்கின் கூரைவரை கேட்டிருக்கும்.

"யாரு பாத்தது?"

யாரோ இருமினார்கள். லாரி ஓட்டுநர் என்ன காரணத்தாலோ இன்ஜினை நிறுத்திவிட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. நான் குவால்பெர்த்தோவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை கெடுமோ என்று பயப்படுகிறவர் அவர், ஐந்து ஏக்கர் சோளம் வைத்திருக்கிறார். தொப்பியைக் கழற்றினார்.

"நான் பாத்தேன்" என்றார்.

இன்னொருவர் வேண்டும். கூட்டத்தின் பின்னால் கூடையோடு நின்றிருந்த ஹசிந்தா முன்னால் வந்தாள். அவள் கணவன் பெர்மின் வடக்கே போய் ஏழு வருடம். அவனிடமிருந்தும் ஒன்றும் வந்ததில்லை. அவள் ஒரு முறைகூட இந்த ஏற்றத்துக்குப் பெயர் கொடுத்ததில்லை.

"நானும் பாத்தேன். தாடி வச்சிருக்கான். நல்லாவே இல்ல" என்றாள்.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே சில பெண்கள் சால்வை முனையால் முகத்தைத் துடைத்தார்கள். குவால்பெர்த்தோ பந்தத்தை என் கையில் கொடுத்தார்.

ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்க், டயர் கடை, பிறகு கல் பாவிய தெரு. மருந்துக்கடை வளைவில் குதிகாலில் அந்தப் பழைய ஆணி இறங்கியது. முன்பைவிட ஆழமாக. டாக்டர் பெண் வாசலில் நின்று கை தட்டினாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். வளைவுக்கு மேலே கோயில் வாசலிலிருந்து எல்லாம் தெரியும். நான் நொண்டினால் நீ மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிடுவாய், மகனே. நொண்டவில்லை. ஒவ்வொரு அடியையும் மற்றக் காலைப் போலவே வைத்தேன். சிரித்துக்கொண்டும் ஓடினேன் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அது சிரிப்பு என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தாடிச் செய்தி மோட்டார்சைக்கிளில் எனக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. பாதிரியாரிடம் பந்தத்தைக் கொடுத்துவிட்டு உன் அம்மாவிடம் போனேன். அவள் குனிந்து என் வலது காலணியைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்திருந்தாள். பிறகு, தாடி உங்கள மாதிரி சுருட்டையா வந்திருக்கும் என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஹசிந்தா கடைக்குப் போகிறாள். நான்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வெளியே நிற்கிறேன். இளைத்திருக்கிறானா, எங்கே வேலை, மேல்சட்டை தடிமனா, யார் சமைக்கிறார்கள், எல்லாம் கேட்கிறாள். ஹசிந்தா மாவைத் தட்டிக்கொண்டே ஒன்றுக்கும் தயங்காமல் சொல்கிறாள். நீ ஓர் உணவுக்கடையில் வேலை பார்க்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். கையுறை வாங்கிவிட்டாய். முன்தினம் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் முரண் வருவதில்லை. அரசாங்க அறிக்கைகளில்கூட நான் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

முந்தாநாள் எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும்போது, ஹசிந்தா மாவிலிருந்து கையை எடுக்காமல், நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, நீங்க பெர்மினப் பாத்தீங்களா?"

உன் அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பாத்தேனே. தல நரச்சிருச்சு. உன்னத்தான் கேட்டான்."

நான் வாசலில் நின்றபடி எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் விளம்பரத்தைப் படித்தேன். முழுக்கப் படித்தேன். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று இத்தனை மாதமாக நான் கேட்டதில்லை. இனிக் கேட்கப் போவதுமில்லை.

குதிகால் இப்போது நன்றாகவே வலிக்கிறது. வீட்டில் நேராக நடந்துவிட்டுத் தெருவில் போய் நொண்டுகிறேன்.

ஊரியேல், நேர்ச்சையைச் செலுத்தியாகிவிட்டது, பார்த்தவர்கள் இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. இனி உன் பங்கு ஒன்றே ஒன்றுதான். உனக்குத் தாடி இல்லையென்றால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வளர்க்கத் தொடங்கு. அவள் அந்த முகத்துக்குப் பழகிவிட்டாள். எனக்கு ஆசீர்வதிக்கும் உரிமையை யாரும் கொடுக்கவில்லை, இருந்தாலும் என் கையை உன் தலைமேல் வைக்கிறேன். நீ எங்கே இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா எலாதியோ